ஹைடெல்பெர்க் கோட்டை: புதுப்பித்த மாளிகையா, இடிந்த மாளிகையா?

13-ஆம் நூற்றாண்டிலேயே ஆவணங்களில் தலைகாட்டும் இந்த ஜெர்மன் கோட்டையை 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படைகள் தகர்த்தன. 1764-இல் மின்னல் தாக்கி மீண்டும் எரிந்தது. இன்று அதன் முற்றத்தில் இரு மாளிகைகள் அருகருகே நிற்கின்றன.

ஃபிரீட்ரிக் மாளிகையை 1897 முதல் 1900 வரை புதுப்பித்தார்கள். முகப்பில், அதைக் கட்டிய ஆட்சியாளரின் முன்னோர்களின் சிலைகள் வரிசையாக நிற்கும். அவை நகல்கள், அசல்கள் உள்ளே இருக்கின்றன. அறைகளின் அலங்காரமோ 19-ஆம் நூற்றாண்டுக் கற்பனை.

ஓட்ஹைன்ரிக் மாளிகை 1556-இல் தொடங்கியது. செதுக்கு வேலை நிறைந்த முகப்பு, மேல்தள ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் வானம். இதையும் கட்டி முடிக்கத் திட்டம் எழுந்தபோது, 'பாதுகாத்தால் போதும்' என்று கலை வரலாற்றாசிரியர் கியோர்க் டெஹியோ 1901-இல் உறுதியாக எதிர்த்தார். என் ஓட்டும் அவருக்கே. அந்தக் கற்களில் இருப்பது அசல் உளியின் வேலை. புதுக் கூரை போட்டிருந்தால் இதுவும் பக்கத்து மாளிகையைப் போலவே ஆகியிருக்கும்.