காய்ச்சலுக்குப் போனோம், பித்தப்பையை எடுக்கச் சொன்னார்கள்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். எனக்கு ஓசூரில் வேலை. போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். கஷாயமும் மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் கேட்கவில்லை, இரண்டாம் நாளும் உடம்பு கொதிக்கிறது என்று அப்பா போன் செய்தார். ஓடி வந்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பெயரை எழுதவில்லை. இந்த மாதிரி இடம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட்டார்கள். ரத்த அணுக்கள், டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால், கல்லீரல், கிட்னி, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். இரண்டு நாள் காய்ச்சலுக்குத் தைராய்டு எதற்கு என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. வைடாலில் அளவு 1:80 என்று வந்திருந்தது, பக்கத்தில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரு சீல். டாக்டர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. “டைபாய்டு. அட்மிட் பண்ணிடுங்க, அஞ்சு நாள் ஊசி போடணும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, டிரிப்ஸ் ஏறுகிறது, வேறென்ன வேண்டும்? ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லும் ஊர்தானே நம்முடையது.

அடுத்த நாள் எதற்கும் பார்த்துவிடலாம் என்று வயிற்று ஸ்கேன். பித்தப்பையில் 6 மில்லிமீட்டரில் ஒரு கல். சாயங்காலமே ஒரு சர்ஜன் வந்து நின்றார். “இப்ப சும்மா இருக்கும். நாளைக்குக் குழாய்ல போய் அடைச்சா உயிருக்கே ஆபத்து. படுத்திருக்கும்போதே எடுத்துடலாம்” என்று 65,000 சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் கண்ணு, காய்ச்சலுக்குத்தானே வந்தோம்?” என்றார்.

ராத்திரி சித்தி மகளுக்குப் போன் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் கேட்ட முதல் கேள்வியே, “வைடால் எத்தனாவது நாள் எடுத்தாங்கண்ணா?” என்பதுதான். இரண்டாம் நாள் என்றதும் சிரித்துவிட்டாள். காலையில், எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு, 31,400 கட்டிவிட்டு வெளியே வந்தோம். அந்த வாரம் அப்பா தக்காளிக் கூடையை 200 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கில் பில்லுக்கே 150 கூடைக்கு மேல் போயிற்று.

நேராகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூட்டம்தான், இரண்டு மணி நேரம் நின்றோம். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம்தான் ஃபைலைப் பிரித்தார். வைடால் 1896-இல் வந்த பழைய டெஸ்ட். கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கும். அது ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நம் பக்கத்தில் காய்ச்சலே இல்லாத ஆளுக்கும் 1:80 இருக்கலாம். டைபாய்டு சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் போடும் முன்பே, ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும், இப்போது எடுத்தாலும் சரியாகத் தெரியாது என்றார். அவர் கணிப்பில் அது தானாக வந்து தானாகப் போகிற வைரஸ் காய்ச்சல். அதற்குள் காய்ச்சலும் விட்டிருந்தது.

கல்லைப் பற்றிக் கேட்டேன். “சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்திருக்காம்மா? முதுகுக்குப் பரவியிருக்கா? கண் மஞ்சளாச்சா?” எதுவும் இல்லை. தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லை, பலருக்கு ஆயுசுக்கும் அது அப்படியே இருக்கும், வலி வந்தால் வாங்க என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். அவர்கள் தந்த ரிப்போர்ட் எதுவும் போலி இல்லை. 1:80 உண்மை, கல்லும் உண்மை. பொய்யே சொல்லாமல் அறுவை சிகிச்சை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள்.

அதற்காக டெஸ்ட்டே வேண்டாம் என்று யாரும் வீட்டில் படுத்துவிடாதீர்கள். டெங்கு நடமாடும் மாதங்களில் ரத்த அணுக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது தேவையான வேலை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்கு மோசமாகும். விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ரத்தக் கசிவு, சிறுநீர் குறைவு, அசாதாரண மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிஷமே கிளம்புங்கள். மற்ற நேரத்தில் ரத்தம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க குடுக்கிற மருந்து மாறுமா?” சித்தி மகள் சொல்லிக் கொடுத்தது. ஓசூரில் என் மகனுக்குச் சளி பிடித்தபோது கேட்டுப் பார்த்தேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதிய நான்கு டெஸ்ட்டில் மூன்றை அடித்துவிட்டார்.

பில்லையும் விவரமாக வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்ததில் ‘மருந்து மற்றும் இதர செலவு’ என்று ஒரே வரியில் 11,600 இருந்தது. சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியே இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று முறை நடந்தேன். “மேனேஜர் இல்லை” என்பதுதான் பதில். போன திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.