கன்சர்வேட்டரியா, பி.ஏ. இசையா?

அமெரிக்காவில் இசை படிக்க நினைப்பவர் ஜூலியார்ட், கர்ட்டிஸ் போன்ற கன்சர்வேட்டரியில், அதாவது இசைக்கென்றே உள்ள உயர்கல்விப் பள்ளியில், பி.எம். (இசை இளநிலை) பட்டம் படிக்கலாம், அல்லது பல துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இசையை முதன்மைப் பாடமாக எடுத்து பி.ஏ. முடிக்கலாம். நான் வயலினோடு இரண்டாவது வழியில் போனேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பயிற்சி நேரம், மேடை வாய்ப்பு, சக மாணவர்களின் தரம் ஆகியவற்றில் கன்சர்வேட்டரிக்கே முதலிடம். பி.எம். படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இசைதான், பி.ஏ.யில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. செலவு இரண்டிலும் அதிகம். கர்ட்டிஸில் 1928 முதல் கல்விக் கட்டணமே கிடையாது என்றாலும் அங்கே இடம் கிடைப்பது அரிது.

நான் முக்கியமாகப் பார்ப்பது, நடுவில் திசை மாற வழி இருக்கிறதா என்பதை. பி.ஏ.யில் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டும். பி.ஏ. முடித்தவர் பிறகு கன்சர்வேட்டரியில் முதுநிலைக்குப் போகலாம். அங்கே பெரிதும் எடைபோடுவது ஆடிஷனை, அதாவது நேரில் வாசித்துக் காட்டும் தேர்வைத்தான். பி.எம். முடித்துவிட்டு மருத்துவம் படிக்க விரும்புகிறவரோ, வேதியியல், உயிரியல், இயற்பியல் எல்லாவற்றையும் ஆய்வகத்தோடு புதிதாகப் படித்தாக வேண்டும். எனக்கு மூன்றாம் ஆண்டில் மணிக்கட்டுத் தசைநாண் வீங்கி, பல மாதங்கள் வில்லைப் பிடிக்க முடியவில்லை. வாசிப்பையே நம்பிய பட்டமாக இருந்தால் படிப்பு அங்கேயே நின்றிருக்கும். நான் இசை வரலாற்றுக்கு நகர்ந்து, ஆய்வேடு எழுதி, உரிய காலத்தில் பட்டம் பெற்றேன். கைவலி இசைக் கலைஞர்களிடம் மிகச் சாதாரணம். சேரும்போது யாரும் அதை யோசிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

எது இசை என்பதிலும் இக்கல்லூரிகள் சில தாராளமானவை. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகளான டி. விஸ்வநாதன் புல்லாங்குழலும் டி. ரங்கநாதன் மிருதங்கமும் கற்பித்தார்கள். பின்னாளில் கர்நாடக இசைப் பாடகராக அறியப்பட்ட அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் அங்கே மாணவராக இருந்தபோதுதான் கர்நாடக இசையைக் கற்கத் தொடங்கினார். ஜாவாவின் கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழு இசையும் அங்கே உண்டு. பெரும்பாலான கன்சர்வேட்டரிகள் மேற்கத்திய செவ்வியல், ஜாஸ் இரண்டையும் விட்டு அதிகம் விலகுவதில்லை.

சிம்பொனி இசைக்குழுவில் இடம்பிடிப்பதே இலக்கு என்றால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆடிஷன்களுக்கு நான் போனதில்லை. போன நண்பர்கள் கன்சர்வேட்டரியையே பரிந்துரைக்கிறார்கள். குரலிசை மாணவர்களைப் பற்றியும் எனக்கு அனுபவம் குறைவு. குரல் தாமதமாகவே முதிர்வதால் அவர்களுக்கு அவசரம் இல்லை என்று கேட்டிருக்கிறேன். இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு ஓபர்லின் கல்லூரியில் இரண்டு பட்டங்களையும் சேர்த்துப் பெறும் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது.

பி.ஏ. பக்கம் சாய்கிறவர்கள் சேருமுன் இசைத் துறையிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் கருவிக்கு வாரந்தோறும் தனிப்பாடம் எடுக்கப்போகும் ஆசிரியர் யார், அந்தப் பாடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா.