ஜிம்மி ஜான்சன் சார்ட்: ரிசீவர் வாங்கும்போது பாதி பில்தான் காட்டும்

டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் நிகழ்வு) முதல் ரவுண்ட் பிக்கை, அதாவது எடுக்கும் முறையைக் கொடுத்து, ஏற்கெனவே பேர் வாங்கிய ரிசீவரை (வீசப்படும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) எடுக்கலாமா? அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் இந்தப் பேச்சு கிளம்பினால் முதலில் வெளியே வருவது ஜிம்மி ஜான்சன் சார்ட்தான், ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளியில் விலை போடும் அட்டவணை. 1990-களின் தொடக்கத்தில் ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்காக, அதுவரை நடந்த டிரேடுகளை வைத்துத் தயாரித்தது. முதல் பிக் 3000 புள்ளி, 10-வது 1300, 32-வது 590. பிக்குக்குப் பிக் மாற்றினால் இன்றும் உருப்படியான கருவி. ஆள் வாங்கத்தான் போதாது.

2022 டிராஃப்ட் இரவில் டெனஸி அணியின் ரிசீவர் ஏ.ஜே. பிரவுனுக்காக ஃபிலடெல்ஃபியா அணி கொடுத்தது 18-வது, 101-வது பிக்குகள். 900, 96, மொத்தம் 996. ஏறக்குறைய 16-வது பிக்கின் விலை. அந்த 18-ல் டெனஸி எடுத்த புதுமுக ரிசீவர் ட்ரெய்லன் பர்க்ஸ் முதல் சீசனில் 444 யார்டு, பிரவுன் 1,496. கொள்ளை லாபம் என்று அங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். பர்க்ஸின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமாகவே சுமார் 1.4 கோடி டாலர். பிரவுனுக்குப் புதிதாகப் போட்டது நான்கு வருடத்துக்கு 10 கோடி. சராசரியாக வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் வித்தியாசம். அந்த வருட சாலரி கேப் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு) 20.82 கோடி, அதில் பத்தில் ஒரு பங்கு இந்த வித்தியாசத்துக்கே போகிறது. சார்ட்டைக் குறை சொல்லியும் பயனில்லை. அது வந்தபோது கேப்பே கிடையாது (1994-ல்தான் வந்தது). புதுமுகச் சம்பளத்துக்குக் கடிவாளம் விழுந்தது 2011-ல்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். அதே 2022-ல் ரிசீவர் டவாண்டே ஆடம்ஸுக்கு ரெய்டர்ஸ் அணி கொடுத்தது 22, 53-வது பிக்குகள்: 780 + 370 = 1150. இன்னொரு ரிசீவர் டைரீக் ஹில்லுக்கு மயாமி அணி கொடுத்ததில் அந்த வருடப் பிக்குகள் மட்டும் (29, 50, 121) 1092. சார்ட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. மயாமியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டுவாவுக்கு அது புதுமுக ஒப்பந்தத்தின் மூன்றாம் வருடம், சம்பளம் சொற்பம். ரெய்டர்ஸோ தங்கள் குவார்ட்டர்பேக் டெரெக் காருக்கும் அதே வசந்தத்தில் பெரிய ஒப்பந்தம் போட்டார்கள். ஆடம்ஸ் 1,516 யார்டு ஓடியும் அணிக்கு 6 வெற்றி, 11 தோல்விதான். அடுத்த பிப்ரவரியில் டெரெக் கார் அணியில் இல்லை. 2024 அக்டோபரில் ஆடம்ஸும் இல்லை, கைக்கு வந்தது நிபந்தனையோடு ஒரு மூன்றாம் ரவுண்ட் பிக். 2020-ல் மினசோட்டாவிலிருந்து ரிசீவர் டிக்ஸ் வந்தபோது பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன், பிரவுன் வந்தபோது ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ், இருவருக்குமே மூன்றாம் வருடம்தான். குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் வாங்கினால்தான் இந்த விலை கட்டுப்படியாகும்.

ஆகவே சார்ட்டைத் திறக்கும் முன்னால் குவார்ட்டர்பேக்கின் ஒப்பந்தத்தைத் திறங்கள். பிறகு புள்ளியைக் கூட்டுங்கள். அடுத்த வருடப் பிக் என்றால் ஒரு ரவுண்ட் இறக்கி மதிப்பிடுவது வழக்கம். பிறகு புது ஒப்பந்தத்தின் வருடச் சராசரியிலிருந்து அந்தப் பிக்கின் புதுமுகச் சம்பளத்தைக் கழித்து, கேப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். முதல் ரவுண்ட் பிக் என்றால் ஐந்தாம் வருட ஆப்ஷனும் (புதுமுக ஒப்பந்தத்தை அணி ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமை) சேர்ந்தே போகிறது, பலர் விடுவது இதைத்தான். பழைய ஒப்பந்தத்தின் போனஸ் பாக்கி விற்கும் அணியின் கேப்பிலேயே விழும். வாங்குகிறவருக்கு அந்தச் சுமை இல்லை.

வயதுக்கும் சார்ட்டில் கட்டம் இல்லை. அப்போது பிரவுனுக்கு 24, ஆடம்ஸுக்கு 29.

டிராஃப்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. 2020-ல் டிக்ஸுக்காக பஃபலோ கொடுத்த முக்கியப் பிக்கும் அதே 22, அதே 780. மினசோட்டா அதில் எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. முதல் வருடமே 1,400 யார்டு. டிக்ஸ் 1,535 அடித்து லீகிலேயே முதலிடம். இரண்டு பக்கமும் ஜெயித்த டிரேடு, ஆனால் மலிவாக ஜெயித்தது மினசோட்டா.

ஓவர் தி கேப் தளத்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட்-ஸ்பீல்பர்கர் சார்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டாவது ஒப்பந்தங்களை அடிப்படையாகக் கொண்டதால் அதில் புள்ளிகள் இவ்வளவு செங்குத்தாகச் சரியாது. இரண்டாம், மூன்றாம் ரவுண்ட் பிக்குகளைச் சில்லறையாக வீசும் பழக்கம் அதைப் பார்த்தால் கொஞ்சம் நிற்கும்.