‘பிளாக் நைட்’ பட்லியா: நான்கு கோடைகள் வளர்த்த பிறகு

2022 ஏப்ரலில், தெற்கு லண்டனில் குரோய்டனை அடுத்துள்ள எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்துக்காக, அருகிலுள்ள செடிக்கடை ஒன்றில் பட்லியா என்னும் பூப்புதரின் ‘பிளாக் நைட்’ இரகத்தை 14 பவுண்டு கொடுத்து வாங்கினேன். மூன்று லிட்டர் தொட்டியில் முழங்கால் உயரத்தில் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் சுருண்டு இறுகாமல் வெள்ளையாக இருந்தன. செடியைப் பொறுத்தவரை கொடுத்த பணத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே வந்த பராமரிப்பு அட்டையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்ணத்துப்பூச்சிப் புதர் என்று இங்கே எல்லோரும் அழைக்கும் இச்செடியின் தாயகம் சீனா. அங்கே கரடுமுரடான மலைச்சரிவிலும் ஆற்றோரக் கற்குவியலிலும் வளர்ந்து பழகியதால், இங்கிலாந்தின் ரயில் பாதைச் சரளையும் பழைய செங்கல் சுவரின் சுண்ணாம்புக் காரையும் அதற்குச் சொந்த ஊராகவே ஆகிவிட்டன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் மனைகளில் தானாக முளைத்துப் பரவிய செடிகளுள் இதுவும் ஒன்று. இரண்டு அசேலியா பூச்செடிகளைக் காவு வாங்கிய எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு மண்ணில், எந்த உரமும் இல்லாமல், முதல் கோடையிலேயே இது என் தோளைத் தொட்டது. அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது என்பதும், நான் வாரம் இரண்டு வாளித் தண்ணீருக்கு மேல் ஊற்றவில்லை என்பதும் இங்கே கணக்கில் கொள்ளத் தக்கவை.

பூவின் அழகைத் தூரத்திலிருந்து முழுதாக அறிய முடியாது. கிளை நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு வளைந்து நிற்கும் கதிர், எட்ட நின்று பார்த்தால் நாவற்பழ நிறம். குனிந்து பார்த்தால் கிராம்பை விடச் சிறிய நூற்றுக்கணக்கான குழல் பூக்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஆரஞ்சுப் பொட்டு. கதிரின் அடியிலிருந்து நுனியை நோக்கி நாளுக்குக் கொஞ்சமாகப் பூக்கள் விரிவதால், ஒரே கதிருக்கு வண்ணத்துப்பூச்சிகள் பல நாள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெயில் ஏறிய ஆகஸ்ட் நண்பகலில் தேன் மணம் சமையலறை வரை வரும். ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சியும், இறக்கையில் கண் எழுதிய பீக்காக் வண்ணத்துப்பூச்சியும் அருகருகே உட்கார்ந்து உறிஞ்சும். ஆனால் அவற்றின் புழுக்களுக்கு இந்த இலை ஆகாது. நம் ஊர்ச் செந்தட்டியைப் போலத் தொட்டால் சுணைக்கும் நெட்டில் செடிதான் அவற்றுக்கு உணவு என்பதால், வேலியோரம் ஒரு கொத்தைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன்.

இனி அந்த அட்டை. ‘பூத்து முடிந்ததும் கவாத்து செய்க’ என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. அதை நம்பி அக்டோபரில் எல்லாக் கிளைகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அந்த ஆண்டு இலையுதிர்காலம் வழக்கத்தை விட இதமாக இருந்ததால் நவம்பரில் கணுவெல்லாம் துளிர்த்தது. டிசம்பரில் பத்து நாள் உறைபனி விழுந்ததும் அத்தனை துளிரும் வேகவைத்த கீரை போலக் கறுத்துத் தொங்கியது. செடி செத்தே போயிற்று என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம்.

உண்மையில் இந்த இனம் அந்தந்த ஆண்டு முளைக்கும் புதுக்கிளையின் நுனியில் பூப்பது. ஆகவே கடுங்குளிர் தணியும் மார்ச் மாதமே அதற்குக் கவாத்துக் காலம். காற்று வாங்கும் இடமாக இருந்தால், வேர் ஆட்டம் காணாதிருக்க, இலையுதிர்காலத்தில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறைத்தால் போதும். ஆரஞ்சு நிறப் பந்து போலப் பூக்கும் ‘குளோபோசா’வும், மெல்லிய கிளைகள் சரமாகத் தொங்கும் ‘ஆல்டர்னிஃபோலியா’வும் வேறு பட்லியா இனங்கள்; முந்தைய ஆண்டுக் கிளையில் மொட்டு வைப்பவை. பூத்தபின் வெட்ட வேண்டியவை அவைதாம். மூன்றுக்கும் பொதுவாக ஒரே வரியை அச்சிட்டதுதான் கோளாறு.

2023 மார்ச்சில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பச்சை தெரிந்த இடம் வரை இறங்கி வெட்டினேன். இலைகள் எதிரெதிராக அமைவதால் மொட்டுகளும் இணையாகவே இருக்கும்; அந்த இணைக்குச் சற்று மேலே வெட்டினால் ஒரு கிளை இரண்டாகும். இளந்தண்டிலும் இலையின் அடியிலும் இருக்கும் வெள்ளைச் சுணை பறந்து தொண்டையைக் கரகரக்க வைப்பதால், முகக்கவசம் அணிவது நல்லது. அந்தக் கோடையிலேயே புதர் என் உயரத்தைத் தாண்டி, முந்தைய ஆண்டை விடப் பெரிய கதிர்களோடு பூத்தது. ஆண்டுதோறும் இப்படி வெட்டாவிட்டால் மூன்று மீட்டர் உயர்ந்து, அடியில் மொட்டைத் தண்டும் மாடி ஜன்னலுக்கு நேராகப் பூவுமாக நிற்கும்.

அட்டை சொல்லாமல் விட்ட இன்னொன்று, வாடிய கதிர்களை உடனுக்குடன் கிள்ளி எடுக்க வேண்டும் என்பது. ஒரு செடி 30 லட்சம் விதைகள் வரை உதிர்க்கக்கூடியது. தூசி போன்ற அவை காற்றில் போய் அண்டை வீட்டுப் புகைபோக்கியிலும் முளைக்கும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் சாதாரண இரகங்களை விற்கவே தடை. விதை அரிதாகவே கட்டும் இரகங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. கிள்ளும் வேலைக்கு நேரமில்லாதவர்களும் மாடத்தில் தொட்டி வைப்பவர்களும் அத்தகைய இரகங்களில் குட்டையானவற்றைக் கேட்டு வாங்குவதே நல்லது.

சென்ற மாதம் மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். அதே அட்டை, பட்லியா மேசையில் இருந்த எல்லாத் தொட்டிகளிலும் செருகியிருந்தது. பணியாளரிடம் விவரம் சொன்னேன். அட்டை வெளியே அச்சாகி வருவது, தன்னால் மாற்ற முடியாது என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘பிளாக் நைட்’ தொட்டிகளின் அட்டையில் மட்டும் அந்த வரியை அடித்துவிட்டு, ‘மார்ச்’ என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார்.