வீட்டுக்கு வந்து சமூக மீளிணைவை அளக்கும் சேவை: ஓராண்டு அனுபவம்

முள்ளந்தண்டுக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்த என் தம்பி, வைத்தியசாலைப் புனர்வாழ்வை முடித்து வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பியபோது, அன்றாடச் சுயாதீனத்தை 100க்கு அளக்கும் ஸ்கிம் அளவுகோலில் 68 புள்ளிகள் பெற்றிருந்தான். உடை மாற்றவும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும் அவனுக்கு ஆள் தேவையில்லை என்பதை அந்த எண் சரியாகவே சொன்னது. எங்கள் ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதிக்குப் போவானா, நண்பர்கள் தேடி வருவார்களா, மீண்டும் உழைப்பானா என்பதைச் சொல்வது அதன் வேலையல்ல. அதனால்தான், ஆண்டுக்கு மூன்று தடவை வீட்டுக்கு வந்து சமூக மீளிணைவை அளந்து அறிக்கை தரும் கொழும்புச் சேவையொன்றில் அவனைப் பதிவு செய்தோம்.

அவர்கள் பயன்படுத்துவது, கனடிய ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட, ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் வினாக்கொத்து. வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடமாடுதல், வேலை, பொழுதுபோக்கு, குடும்பத்தில் தன் பங்கு, பிறரோடு பழகுதல் என விரியும் 11 கூற்றுகள் அதில் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் 10 சென்ரிமீற்றர் கோடு. கூற்று தனக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அந்த இடத்தில் காயமடைந்தவரே குறியிட வேண்டும். சக்கர நாற்காலியில் போவதையும் நடமாட்டமாகவே அது கொள்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் வருகையிலேயே ஒரு தவறு நடந்தது. வந்தவர் கேள்விகளை என்னிடம் கேட்டார். தம்பி பக்கத்தில் பேசாமல் இருந்தான். நான் சொல்லித்தான் பேனை அவன் கைக்குப் போனது. மொத்தப் புள்ளி 54 என்று அறிக்கை வந்தது. ஆறாம் மாதம் அது 71 ஆனதும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் முதல் மாதத்தில் கிழமைக்கு மூன்று நாள் வெளியே போனவன், அப்போது ஒரு நாள்தான் போய்க்கொண்டிருந்தான். 'தேவையான அளவுக்கு வெளியே நடமாடுகிறேன்' என்ற கூற்றின் கோட்டில் அவன் குறி வலப்பக்கம் வெகுதூரம் நகர்ந்திருந்தது. காரணம் கேட்டேன். "போகவேண்டிய இடமே இல்லை எண்டால் குறை என்ன இருக்கு அக்கா?" என்றான். தேவையே சுருங்கிவிட்டால் திருப்தி கூடத்தான் செய்யும். அந்தச் சுருக்கத்தை முன்னேற்றமாக எழுதிக் கொடுத்த அறிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

அவனை முடக்கியது மனம் மட்டுமல்ல. நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவனுக்கு, நாற்காலி நுழையும் கதவுள்ள கழிப்பறை வழியில் இல்லையென்றால் பயணத்தின் நீளம் அதோடு முடிந்துவிடும். வெளியே போகும் நாட்களில் அவன் தண்ணீர் குடிப்பதையே குறைத்தான். அதனால் சிறுநீர்த் தொற்று வந்தது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கென 2006இல் ஒழுங்குவிதிகள் வந்த நாடு இது. இருந்தும் அவன் போகவேண்டிய மருந்துக்கடையின் வாசலில் இன்னமும் இரண்டு படிகள்.

அறிக்கையின் இந்தக் குறையை எழுத்தில் முறையிட்டோம். சேவையின் தொழில்வழிச் சிகிச்சையாளர் பொறுமையாகக் கேட்டார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் மாத வருகையில், அமெரிக்காவின் கிரேக் மருத்துவமனையில் உருவாகி 1992இல் வெளியான சார்ட் அளவுகோலையும் சேர்த்துக்கொண்டார். நாளில் எத்தனை மணித்தியாலம் கட்டிலை விட்டு இறங்கியிருக்கிறீர்கள், கிழமையில் எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே போகிறீர்கள், கடந்த ஆண்டில் எத்தனை இரவுகள் வெளியிடத்தில் தங்கினீர்கள் என்று அது எண்ணிக்கையைக் கேட்கிறது. கடைசிக் கேள்விக்குத் தம்பி சற்று யோசித்து, "ஒண்டுமில்லை" என்றான். இரண்டு அளவுகோல்களின் முடிவுகளையும் அருகருகே வைத்த பிறகுதான் சிகிச்சைத் திட்டம் மாறியது. ஒழுங்கை முனைவரை அவனோடு போய், வடிகான் மூடியின் இடைவெளியையும் கடைப்படியின் உயரத்தையும் நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார்.

கட்டணம் எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சுமைதான். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வருவதும், தமிழ் வினாக்கொத்தில் சில கூற்றுகளை இரண்டு தடவை வாசித்தே விளங்கிக்கொள்ள வேண்டியிருப்பதும் திருத்தப்பட வேண்டியவை. ஆனாலும் இந்தச் சேவையைத் தொடர்வோம். பதிவு செய்ய நினைப்பவர்கள் இரண்டு அளவுகோல்களையும் முதல் வருகையிலேயே கேட்டு வாங்குங்கள். மொத்தப் புள்ளியோடு நில்லாமல், ஒவ்வொரு கூற்றின் புள்ளியையும் தனித்தனியாகக் கேளுங்கள். பேனை, காயமடைந்தவரின் கையிலேயே இருக்கட்டும்.