வெளியாரின் செயலிகளைப் போனுக்குள் விடலாமா? அண்ட்ரொய்டும் ஐபோனும் சேர்த்துப் பாவித்த அனுபவம்

என்னிடம் இரண்டு போன்கள் இருக்கின்றன. ஒன்று மட்டக்களப்பு நகரில் வாங்கிய நடுத்தர விலை அண்ட்ரொய்ட். மற்றது சுவிஸில் இருக்கும் அண்ணன் தனக்குப் புதியது எடுத்தபோது அனுப்பிவைத்த பழைய ஐபோன். பல வருடங்களாக இரண்டையும் சேர்த்துத்தான் பாவிக்கிறேன். கமரா, பட்டரி, வேகம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு வித்தியாசம் பற்றி. போனைச் செய்த கம்பனி தவிர்ந்த வேறு ஆட்கள் எழுதிய மென்பொருளை இந்தப் போன்கள் எவ்வளவு தூரம் உள்ளே விடுகின்றன?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட வேண்டும், போன் கம்பனியின் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வருவதையும் விட வேண்டும். தமிழில் எழுதிப் படிக்கும் எங்களுக்குப் போனில் உண்மையாகப் பயன்பட்ட விஷயங்களில் பல, போன் கம்பனி கொடுப்பதற்கு முன்பே வெளியார் கொடுத்தவை.

2007 ஜூனில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதில் வெளியார் செயலி ஒன்றைக்கூடப் போட முடியாது. பிரவுசருக்குள் ஓடும் இணையப் பக்கங்களாகச் செய்துகொள்ளுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜொப்ஸ் மென்பொருள் எழுதுபவர்களிடம் சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே மனம் மாறினார்கள். 2008 ஜூலையில் 500 செயலிகளோடு அப் ஸ்டோர் திறந்தது. அதே வருடம் வந்த அண்ட்ரொய்ட், தன் கடைக்கு வெளியிலிருந்தும் செயலி போட ஆரம்பத்திலேயே வழி வைத்திருந்தது. இன்று இரண்டு போன்களுக்கும் இடையில் நான் காணும் வித்தியாசம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் எங்கள் கதை அதற்கும் முந்தியது. நோக்கியா போனில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரிசையாகப் பெட்டிகள்தான் தெரியும். அதைத் தீர்த்துவைத்தது நோக்கியா இல்லை, ஒப்பரா மினி. முகவரிப் பெட்டியில் ஒப்பரா கொன்பிக் என்று அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் வசதியை இயக்கிவிட்டால், போனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் தமிழில் வரும். இந்த விஷயம் ஒருவர் சொல்லி ஒருவர் அறிந்து ஊர் முழுக்கப் பரவியது. போன் கடைகளில் மெமரி கார்ட்டிலிருந்தும் புளூடூத்திலும் அந்தக் கோப்பை ஏற்றித் தருவார்கள். எழுதுவதற்கு முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 இலேயே வந்துவிட்டது. மலேசியாவில் இருந்த ஒருவர் தன் ஆர்வத்தில் செய்த வேலை அது. ஐபோனுக்குள் தமிழ் விசைப்பலகை வந்தது 2013 இல். வெளியார் செய்த விசைப்பலகைகளை அது ஏற்றுக்கொண்டது 2014 இல். நடுவில் போன அத்தனை வருடமும் வெளியாரை நம்பித்தான் தமிழ் எழுதினோம்.

சரி, அது பழைய காலம், இப்போது எல்லாப் போனிலும் தமிழ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனாலும் என் அண்ட்ரொய்டில் நான் போட்டிருப்பது ஹெலிபோர்ட் என்ற விசைப்பலகை. பிளே ஸ்டோரில் கிடைக்காது, எப்-ட்ரொயிட் என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்திலிருந்து, அதாவது மூல நிரலை யாரும் பார்க்கக்கூடிய செயலிகள் உள்ள இடத்திலிருந்து எடுத்தேன். விசைப்பலகை என்பது நாம் அடிக்கும் கடவுச்சொல் முதல் கடன் கணக்கு வரை எல்லாவற்றையும் பார்க்கும் செயலி. இது இணைய அனுமதியே கேட்பதில்லை, ஆகவே பார்த்ததை எங்கும் அனுப்பவும் முடியாது. சொல் பரிந்துரைப்பதில் கூகிளின் விசைப்பலகைக்குக் கிட்டவும் வராது, குரலில் எழுதும் வசதியும் அதில் இல்லை. அந்தக் குறையோடுதான் பாவிக்கிறேன், மாற்றும் எண்ணம் இல்லை.

இந்த விஷயத்தில் என் மனதை உறுதியாக்கியது இன்னொரு செயலி. அதன் பெயரை உங்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

என் மனைவியின் ஊர் திருக்கோவில். மாமா வேளாண்மை வெட்டும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். வெட்டுக் காலத்தில் மெஷின் வட்டைக்கு வட்டை ஓடும். யாருடைய வயல், எத்தனை ஏக்கர், டீசல் யார் போட்டது, முற்பணம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கும். மழை பட்டால் கொப்பி போச்சு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மச்சான் இதற்கென்று ஒரு செயலி எழுதினார். பெரிய எழுத்து, முழுக்கத் தமிழ், சிக்னல் இல்லாத வயலிலும் வேலை செய்யும். முதல் வெட்டில் மாமா பாவித்துவிட்டு, "டீசலுக்கு வேறயா ஒரு இடம் வேணும் மகன், கூலியோட சேத்துப் போட்டா ஆக்கள் சண்டைக்கு வாறாங்க" என்றார். இரவே மச்சான் அதைச் சேர்த்து வட்ஸ்அப்பில் புதிய ஏபிகே கோப்பை, அதாவது அண்ட்ரொய்டில் செயலியை நேரே போடும் கோப்பை, அனுப்பினார். இப்போது அந்தப் பக்கத்து மெஷின்காரர் ஒரு இருபது பேர் அதை வைத்திருக்கிறார்கள்.

இப்படியொரு செயலியைக் கூகிளோ அப்பிளோ செய்து தரப் போவதில்லை. கொழும்பில் இருக்கும் கம்பனியும் செய்யாது, இருபது பேருக்காக யார் செய்வார்? எழுதியவர் வீட்டு விறாந்தையில் இருக்கிறார், பாவிப்பவர் அவரிடம் நேரே குறை சொல்கிறார், விடியும்போது குறை தீர்ந்திருக்கிறது. வெளியாரின் மென்பொருள் வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது இந்த டீசல் கணக்குத்தான்.

இதையே ஐபோனில் செய்து பார்க்கலாமா என்று மச்சானிடம் கேட்டேன். செயலி எழுதி வெளியிடுபவர்களுக்கான அப்பிளின் கணக்குக்கு வருடம் 99 டொலர், எங்கள் காசில் சுமார் 30,000 ரூபாய். அதைக் கட்டாமல் தன் ஐபோனில் தானே எழுதிய செயலியைப் போட்டால், ஏழு நாளில் காலாவதியாகி மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு போகத்துக்கு நடுவில் வயலில் நிற்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா? பிளே ஸ்டோர் பரவாயில்லை, ஒரே தரம் 25 டொலர். ஆனால் சொந்தப் பெயரில் புதிதாகக் கணக்குத் திறப்பவர் குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைத்த பிறகுதான் வெளியிடலாம். ஆட்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்களில் பாதிப்பேரின் கூகிள் கணக்கு, போன் வாங்கிய அன்று கடைப் பையன் திறந்து கொடுத்தது. மின்னஞ்சல் முகவரியே அவர்களுக்குத் தெரியாது.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. எந்த வழியால் வந்தாலும், தன்னிடம் அடையாளத்தைப் பதிந்துகொண்டவர்களின் செயலிகளை மட்டுமே அண்ட்ரொய்ட் ஏற்கும் என்று கூகிள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 இலிருந்து மற்ற நாடுகளுக்கும் விரிப்பதுதான் அந்தத் திட்டம். எதிர்ப்பு வந்த பிறகு, ஆபத்தைத் தெரிந்துகொண்டு போடுபவர்களுக்குத் தனி வழி வைப்பதாகச் சொன்னார்கள். மாணவர்களுக்குக் கட்டணமில்லாத கணக்கும் உண்டாம், ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையான போன்களுக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கிய வளவுக்குள் யார் வரலாம் என்று, விற்றுவிட்டுப் போனவர் இருந்து தீர்மானிப்பது போல இருக்கிறது இது. மச்சான் தன் அடையாள அட்டையை மாமாவிடம் காட்டத் தேவையில்லை. அந்தச் செயலியை மாமாவின் போனில் போட, கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு கம்பனியிடம் ஏன் காட்ட வேண்டும்?

இதன் மறுபக்கத்தையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கூப்பிட்டார். "மகன், இந்தக் கல்யாணக் காட் திறபடுதில்ல. என்னமோ செட்டிங்ஸ் கேக்குது, ஓம் குடுக்கவா?" வட்ஸ்அப்பில் வந்த கோப்பு. பெயர் கல்யாண அழைப்பிதழ், முடிவில் பார்த்தால் ஏபிகே. "குடுக்காதீங்க மாமி, அப்பிடியே வைங்க, வாறன்" என்று ஓடினேன். இந்த வகைச் செயலிகள் முதலில் அணுகல்தன்மை அனுமதியைக் கேட்கும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதற்காக வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வரும் எல்லாவற்றையும் படிக்கும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு உட்பட. நமக்குப் பதிலாகத் தானே பொத்தானையும் அழுத்தும்.

அன்று மாமியின் காசைக் காப்பாற்றியது 2017 இல் அண்ட்ரொய்ட் 8 கொண்டுவந்த மாற்றம். அதற்கு முன்பு, தெரியாத இடத்திலிருந்து போட அனுமதி என்று ஒரே ஒரு ஆளி இருந்தது. ஒருதரம் திறந்தால் எல்லாவற்றுக்கும் திறந்ததுதான். இப்போது செயலிக்குச் செயலி தனி அனுமதி. மாமியின் வட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி இல்லாததால்தான் செட்டிங்ஸ் கேட்டது, அவரும் யோசித்து என்னைக் கூப்பிட்டார். 2022 இல் வந்த அண்ட்ரொய்ட் 13, இப்படி வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு அணுகல்தன்மை அனுமதியை எளிதில் கொடுக்க முடியாதபடி இன்னொரு தடையும் போட்டது. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. யார் எழுதியது என்று கேட்பதை விட, உள்ளே வந்து என்ன செய்யப் பார்க்கிறது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

கடைக்குள் இருந்தால் பாதுகாப்பு என்ற பேச்சையும் முழுதாக நம்ப வேண்டாம். 2015 இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற கெட்ட நிரல், அப்பிளின் அப் ஸ்டோருக்குள்ளேயே பல செயலிகளில் புகுந்திருந்தது. வீசட் போன்ற பெரிய செயலியும் அதில் அகப்பட்டது. அதோடு, வாசல் ஒன்றே ஒன்று என்றால் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடமும் ஒன்றுதான். 2019 ஒக்டோபரில் ஹொங்கொங் போராட்டக் காலத்தில் பொலிஸ் நிற்கும் இடங்களைக் காட்டிய வரைபடச் செயலியை அப்பிள் நீக்கியது. ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் செயலியைப் போட வேறு வழி இருக்கவில்லை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் எங்கள் நாட்டில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் முடக்கப்பட்ட நாட்களில், அந்தத் தடையைச் சுற்றிப் போக உதவும் வீபிஎன் செயலிகளைப் போனிலிருந்து போனுக்கு மாற்றிக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்வதற்குத்தான் பலர் அதைப் போட்டார்கள். அப்படிக் கைமாறியவற்றில் எத்தனை நல்லவை என்று யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

அன்றாடப் பாவனையில் உள்ள தொல்லைகளையும் சொல்ல வேண்டும். எப்-ட்ரொயிட்டில் புதிய பதிப்பு சில நாள் பிந்தித்தான் வரும், ஏனென்றால் மூல நிரலை எடுத்துப் பெரும்பாலும் அவர்களே மறுபடி கட்டுகிறார்கள். யூடியூப் காணொளிகளை, வெளியார் எழுதிய நியூபைப் என்ற செயலியில் பார்ப்பேன். யூடியூப் உள்ளே எதையாவது மாற்றினால் அது திடீரென்று நின்றுவிடும், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வங்கியின் செயலி, செயலி எழுதுபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காகப் போனில் உள்ள டெவலப்பர் வசதிகள் திறந்திருந்தால் ஓட மறுக்கிறது. ஆகவே மச்சானின் சோதனைப் பதிப்பைப் போட்ட ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டுத்தான் காசு அனுப்ப வேண்டும். படங்களையும் கோப்புகளையும் போனுக்கும் கணினிக்கும் இடையில் ஒத்துவைக்கும் சிங்திங் செயலியை, பிளே ஸ்டோரில் வெளியிடுவது அலுத்துப்போய் அதன் பராமரிப்பாளர் 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார். வேறு ஆட்கள் எடுத்து நடத்தும் பதிப்புக்கு மாறினேன். சம்பளமில்லாமல் செய்பவர்களை நம்பி இருப்பதில் இந்தப் பயம் எப்போதும் உண்டு.

ஐபோனில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அம்மாவின் கையில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பழைய போனுக்கும் வருடக்கணக்கில் புதுப்பிப்பு வருகிறது. வெளியார் விசைப்பலகை போட்டிருந்தாலும் கடவுச்சொல் இடத்தில் தன் சொந்த விசைப்பலகையைத் தானே கொண்டுவருகிறது. இரண்டும் நல்ல விஷயங்கள். ஆனால் அதில் வெளி வாசலைத் திறப்பதா மூடுவதா என்பதை நான் தீர்மானிக்கவில்லை, நான் இருக்கும் நாடு தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024 மார்ச்சில் அங்கே வேறு செயலிக் கடைகளுக்கு அப்பிள் இடம் கொடுத்தது. பாரிஸில் இருக்கும் சித்தப்பாவின் ஐபோனில் அது உண்டு. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை என்பதால் அண்ணனின் ஐபோனில் இல்லை. எங்களுடையதில் கேள்வியே இல்லை. தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை என்று இதைப் பார்த்தாலே விளங்குகிறது. அம்மாவின் போனில் நான் அந்த வாசலை மூடித்தான் வைத்திருப்பேன். மாமாவின் போனில் திறந்து வைப்பேன்.

இந்தத் துறையில் வேலை செய்யும் தெரிந்தவர்கள், எல்லாரும் அண்ட்ரொய்ட் 13 க்கு மேல் போங்கள், வெளியிலிருந்து போடும் அனுமதியை எப்-ட்ரொயிட்டுக்கு மட்டும் கொடுங்கள், வட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மச்சானின் கோப்பைப் போடும்போது மட்டும் அனுமதி கொடுத்து, போட்டு முடிந்ததும் எடுத்துவிடுவேன். அடுத்த போனும் அண்ட்ரொய்டாக எடுக்கவே ஆசை, ஆனால் 2027 விதி எங்கள் பக்கம் எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்க்காமல் வாங்க மாட்டேன். அதுவரைக்கும் பட்டரியை மட்டும் மாற்றி இதையே ஓட்டலாம் என்று இருக்கிறேன். மச்சான் அந்த மாணவர் கணக்குக்கு எழுதிப் போட யோசிக்கிறார், ஏபிகேயையும் ஒரு பக்கம் கைவிடாமல் வைத்திருக்கிறார். அடுத்த வெட்டுக்கு முன்னால் அதில் உழவு மெஷின் கணக்கும் வேண்டுமென்று மாமா கேட்டிருக்கிறார்.