முதல் எஸ்பிரெசோ இயந்திரம்: நான்கு வழிகளும் ஒரு கிரைண்டரும்

என் முதல் எஸ்பிரெசோ 12 நொடிகளில் வந்து முடிந்தது. வெளுத்த நிறம், நாக்கைச் சுருக்கும் புளிப்பு. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. புது இயந்திரம் பழுது என்றே முடிவு கட்டினேன். குற்றவாளி நான் அரைத்து வாங்கிவந்த தூள் என்று புரிய ஒரு மாதம் ஆனது.

நடந்தது இதுதான். எஸ்பிரெசோவில் 90 முதல் 96 டிகிரி சூடான நீர், ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், இறுக்கி நிரப்பிய தூளின் ஊடாகப் போகிறது. பொதுவான அளவு 18 கிராம் தூளுக்கு 36 கிராம் பானம், 25 முதல் 30 நொடி. அந்த நீரைத் தடுத்து நிறுத்துவது தூள். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் தூள் கொஞ்சம் பருமனாக இருந்தால் நீர் ஓடிவிடும், அழுத்தமும் ஏறாது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் '15 பார்' பம்பின் உச்சத் திறனைச் சொல்கிறது. கோப்பையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆகவே இந்த ஒப்பீட்டில் எந்த இயந்திரத்தையும் தனியாக நிறுத்தப்போவதில்லை. கையிலுள்ள பணத்தில் காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் முன்னால் நிற்பவை கை நெம்புகோல் கருவிகள். ஃப்ளேர், காஃபிலாட் ரோபோ போன்றவற்றில் பெரும்பாலும் மின்சாரம் கிடையாது, பம்ப் கிடையாது. கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி, கையால் அழுத்த வேண்டும். தூள் பருமனா நைசா என்பது உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். கற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான கருவி இல்லை. எஸ்பிரெசோவின் மேல் படியும் பொன்னிறப் படலமே 1940-களில் இத்தாலியரான அக்கில்லே காஜியா நெம்புகோல் கொண்டு அழுத்தியபோது பிறந்ததுதான். ஆனால் பாலை நுரைக்க வழியில்லை. நான்கு பேர் வந்துவிட்டால் ஒவ்வொரு கோப்பைக்கும் பிரித்து, கழுவி, நிரப்பிக் கொண்டிருக்க வேண்டும். பால் சேர்க்காமல் ஒருவர் மட்டும் குடிக்கும் வீடு என்றால் தயங்காமல் இதை வாங்கச் சொல்வேன்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையில். ஒரு பக்கம் பிரெவில் பாம்பினோ போன்ற, உடனுக்குடன் சூடேறும் சிறிய இயந்திரங்கள். மறுபக்கம் காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற ஒற்றை பாய்லர் இயந்திரங்கள்.

பாம்பினோ 3 நொடிகளில் தயார் என்கிறார்கள். நீரைப் பொறுத்தவரை உண்மை. தூள் நிரப்பும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டர் அப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். தூள் இல்லாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டு அதைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தாலும் இரண்டு நிமிடத்தில் காபி கையில் இருக்கும். பிளஸ் மாடல் பாலைத் தானே நுரைத்துத் தருகிறது. குறை அதன் எடையில் இருக்கிறது: கைப்பிடியைப் பூட்டும்போது இயந்திரமே திரும்பும், இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஏதாவது கெட்டால் வீட்டில் திறந்து சரிசெய்வதும் எளிதல்ல.

1991 முதல் வந்துகொண்டிருக்கும் கிளாசிக் இதற்கு நேர் எதிர். கனமான உலோக உடல். திருகாணியைக் கழற்றத் தெரிந்தவர் பெரும்பாலான பாகங்களைத் தாமே மாற்றிவிடலாம். கைப்பிடிக்குள் தூளைத் தாங்கும் துளைக் கூடை 58 மில்லிமீட்டர் என்பதால் தொழில்முறைக் கடைகளின் துணைக்கருவிகளே பொருந்தும், பாம்பினோவுடையது 54. ஆனால் அதன் உலோகப் பாகங்கள் முழுதாகச் சூடேற கால் மணி நேரம் வேண்டும். காபிக்கும் நீராவிக்கும் ஒரே பாய்லர். காபி இறக்கியதும், நுரைக்க அது 120 டிகிரிக்கு மேல் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த காபிக்கு மறுபடி நீரை வடித்துக் குளிரவைக்க வேண்டும். நிதானமான விடுமுறைக் காலையில் இது ஒரு சுகம். வேலைக்கு ஓடும் நாளில் கோபம்தான் வரும்.

என் தீர்ப்பு கொஞ்சம் ஒருதலைப்பட்சமானது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இருப்பவர் கிளாசிக் வாங்கலாம். மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பால் காபி குடிக்கிறவர்களுக்கு, சின்ன இயந்திரமே போதும். பத்து ஆண்டு உழைக்கும் இயந்திரத்தை வாங்கி, சூடேறக் காத்திருக்கப் பொறுமையின்றி மூலையில் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினால் அரைத்து, இறுக்கி, ஊற்றித் தரும் முழுத் தானியங்கிகள் நான்காவது வழி. காபி வேண்டும், வேலை வேண்டாம் என்பவர்களுக்கு அவை சரியானவை. உள்ளே இருக்கும் வடிக்கும் பாகத்தை மட்டும் அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். எண்ணெய் மினுங்கும்படி கருக்க வறுத்த கொட்டைகளைப் போடாமல் இருப்பது நல்லது.

கிரைண்டருக்கு வருகிறேன். சுழலும் கத்தி வைத்தது வேண்டாம். தூளும் நொய்யுமாகக் கலந்துவிடும். இரண்டு உலோகப் பற்களுக்கு நடுவே நசுக்கி அரைக்கும், எஸ்பிரெசோவுக்கு ஏற்ற நுண்ணிய படிகள் கொண்ட பர் கிரைண்டர்தான் தேவை. பணம் குறைவென்றால் கையால் சுற்றும் நல்ல கிரைண்டர், அதே விலை மின்சாரக் கிரைண்டரைத் தோற்கடிக்கும். என்னுடையதில் ஒரு படி நைசாக்கியதும் 12 நொடி 19 ஆனது. இன்னொரு படியில் 27. அதற்கடுத்த படியில் சொட்டுக்கூட வரவில்லை.

கிரைண்டர் இப்போதைக்கு முடியாது என்றால், அடியில் ஒரே துளை உள்ள இரட்டைச் சுவர்க் கூடையுடன் வரும் இயந்திரமாகப் பாருங்கள். தூளின் குறையை அந்தத் துளை ஓரளவு மறைக்கும். நுரை நிறைய வரும், சுவை அந்த அளவுக்கு வராது. பின்னாளில் கிரைண்டர் வாங்கும்போது போட்டுக்கொள்ள ஒற்றைச் சுவர்க் கூடையும் அதே பெட்டியில் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.